ஆலய முற்றத்தில் கைதான போதகர்

தியானப் பகுதி: உபாகமம் 24:10-13, மத்தேயு 18:23-35



ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் ஜெபக் குறிப்புகள் என் கைக்கு வருகின்றன. வியாதி, தேர்வு, திருமணம், வேலை ஆகியவற்றுக்காக எழுதுகிறவர்கள் தங்கள் பெயரையும் எழுதுகிறார்கள். கடன் பாரம் நீங்க ஜெபிக்கும்படி கேட்கிறவர்கள் மட்டும் பெரும்பாலும் பெயரை எழுதுவதில்லை. சம்மன், ஜப்தி, அமீனா என்பவை ஆலயத்திற்குள் சொல்லத் தகாத சொற்களாகிவிட்டன. ஆகவே இவ்வாரம், கடனுக்காகச் சிறை சென்ற ஒரு போதகரின் வரலாற்றை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

1705-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரில், சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவர் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஆலய முற்றத்திலேயே அவர் கைது செய்யப்பட்டார். கைது செய்தவர், முன்பு அவரிடமே வேலை பார்த்து, முந்தின ஆண்டு அவருக்காகத் தசமபாகம் வசூலித்தவர். கடன் தொகையோ 30 பவுண்டுக்கும் குறைவு.

சாமுவேல் ஊதாரியல்லர். குடும்பம் பெரியது. 1702-இல் தீ விபத்தொன்று குருமனையின் பெரும்பகுதியை அழித்திருந்தது. 1705-இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவர் ஒரு வேட்பாளரை எதிர்த்தார். கடன் கொடுத்தவர் அவ்வேட்பாளரின் உறவினர். அவருடைய தீவிர ஆதரவாளரும்கூட. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கடன், பகையின் நிமித்தம் ஒரே நாளில் கேட்கப்பட்டது.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்தாலே, விசாரணை முடியும் முன்னரே கடனாளியைப் பிடித்து அடைக்கும் ஆணையைப் பெறலாம். அந்த ஆணையோடு அமீனா வருவார். அவருக்கும் இரண்டு எல்லைகள் இருந்தன. பூட்டிய வெளிக்கதவை உடைத்து வீட்டிற்குள் நுழையலாகாது என்று 1604-ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்று வகுத்திருந்தது. கர்த்தருடைய நாளில் எவரையும் கடனுக்காகப் பிடிக்கலாகாது என்று 1677-ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியிருந்தது. ஆதலால் கடனாளிகள் வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அச்சமின்றி வெளியே நடமாடலாம். சாமுவேல் பிடிபட்டதோ வெள்ளிக்கிழமை. நின்றதோ வீட்டிற்கு வெளியே.

சிறைக்குள் சென்றபின் நிலைமை இன்னும் கடினம். அறைக்கும் உணவுக்கும் கைதியே பணம் கொடுக்கவேண்டும். விடுதலையாகும்போதும் சிறைக் காவலருக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். உழைத்துச் சம்பாதிக்க வழியில்லை. கடனோ வளர்ந்துகொண்டே போகும். நம் ஆண்டவர் சொன்ன உவமையில், தன் உடன்வேலைக்காரனைப் பிடித்துக் கடனைத் தீர்க்குமளவும் காவலில் போட்ட ஊழியக்காரன் செய்ததையே இங்கிலாந்தின் சட்டமும் செய்துகொண்டிருந்தது.

லிங்கன் கோட்டைச் சிறையிலிருந்து சாமுவேல், யார்க் பேராயர் ஜான் ஷார்ப்புக்குக் கடிதம் எழுதினார். சிறையையே புதிய திருச்சபையாக எண்ணி, நாள்தோறும் கைதிகளோடு ஜெபம் வாசித்தார், ஞாயிறுகளில் பிரசங்கித்தார், அவர்களுக்குக் கொடுக்க நல்ல நூல்களை வரவழைத்தார். வீட்டிலோ துன்பம் தொடர்ந்தது. இரவில் யாரோ அவருடைய பசுக்களைக் கத்தியால் குத்தினர். பிள்ளைகளுக்கு இருந்த பாலும் நின்றது. அவருடைய மனைவி சூசன்னா, அனுப்ப வேறொன்றும் இல்லாமல் தம் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். அவற்றை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பேராயர் ஷார்ப் ஒருமுறை சூசன்னாவிடம், வீட்டில் எப்போதேனும் அப்பத்திற்குக் குறைவு ஏற்பட்டதுண்டா என்று நேரடியாகக் கேட்டார். அப்பம் இல்லாமல் இருந்ததில்லை; ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடுவதும் உண்டபின் அதற்குப் பணம் கொடுப்பதுமே பெருங்கவலையாகி, அந்த அப்பத்தையே கசப்பாக்கிவிட்டன என்னும் கருத்தில் அவர் பதிலளித்தார். பேராயர் அதைக் கேட்டுத் தாராளமாக உதவினார். அவரும் பிற நண்பர்களும் துணை நின்றதனால், சில மாதங்களில் சாமுவேல் விடுதலை பெற்றார்.

அந்தக் குடும்பத்தில் அப்போது ஜான் என்னும் இரண்டு வயதுச் சிறுவன் இருந்தான். அவனே பிற்காலத்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1746-இல் அவர் லண்டனில் சிறுகடன் நிதி ஒன்றை ஏற்படுத்தினார். அடகுக் கடைகளை விட்டால் வேறு கதியற்ற ஏழைகளுக்கு 20 ஷில்லிங் வரை கொடுத்து, மூன்று மாதங்களுக்குள் திரும்பப் பெறுவது அதன் ஒழுங்கு. முதலாண்டிலேயே 250 பேர் பயனடைந்தனர். பின்னர் கடன் வரம்பு 5 பவுண்டாக உயர்ந்தது. 1775-இல் அந்நிதியிலிருந்து 5 பவுண்டு பெற்ற ஜேம்ஸ் லாக்கிங்டன் என்னும் ஏழைச் செருப்புத் தொழிலாளி, பின்னாளில் லண்டனின் பெயர்பெற்ற புத்தக வணிகரானார். தந்தை சிறைக்குள் இருந்தவர்களுக்குப் பிரசங்கித்தார். மகனோ, ஏழைகள் சிறைக்குச் செல்லாதபடி ஒரு வழி செய்தார்.

சட்டம் மெதுவாகவே மாறியது. 1773-இல் பெட்ஃபோர்டுஷயரின் ஷெரீஃப் பதவியேற்ற ஜான் ஹோவார்டு என்னும் விசுவாசி, குற்றமற்றவர்கள் என்று தீர்ப்புப் பெற்றவர்களும் கட்டணம் செலுத்த இயலாமல் சிறையிலேயே கிடப்பதைக் கண்டு, சிறை சிறையாகச் சென்று கணக்கெடுத்தார். அவருடைய நூல் 1777-இல் வெளிவந்தது. ஆயினும் கடனுக்காகச் சிறையிலடைக்கும் வழக்கத்தைப் பெருமளவில் நீக்கிய சட்டம் 1869-இல்தான் பிறந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான நம் நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் ஆண்டினது. அதன்படி உடுக்கும் உடை, படுக்கை, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணி ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது. சூரியன் மறைந்தபின்னும் உதிக்குமுன்னும் அமீனா வீட்டிற்குள் நுழையலாகாது. வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறைக்கு அனுப்புவது தகாது. வசதியிருந்தும் வஞ்சகமாகக் கொடாதவருக்கே அது பொருந்தும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

இவற்றையெல்லாம் வாசிக்கையில் உபாகமம் 24-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வருகிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். கடன் கடன்தான், அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதை வேதம் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டவனுடைய வாசலுக்கும் ஒரு மரியாதை உண்டு.

கடன் கொடுத்தவர் நிற்கவேண்டிய இடம் வாசலுக்கு வெளியே. சபை செல்லவேண்டிய இடமோ வாசலுக்கு உள்ளே. இதை நான் தாமதமாகவே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சபையில் ஒரு குடும்பம் ஆராதனைக்கு வருவதை நிறுத்தியது. விசுவாசக் குறைவு என்று எண்ணி, அவர்களுக்காக ஜெபித்ததோடு நின்றுவிட்டேன். வீட்டுப் பொருள்கள் ஜப்தியான பின்னரே உண்மையை அறிந்தேன். பேராயர் ஷார்ப் கேட்ட கேள்வியை நான் கேட்கவில்லை.

கடன்பட்டுத் தவிக்கும் அன்பானவர்களே, நீதிமன்ற சம்மனைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டாதிருங்கள். குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்க்கப்படலாம். ஆஜராகி, உள்ள நிலையைச் சொல்லி, தவணை கேளுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. வாசலில் வந்து மிரட்டும் வசூல் ஆள் நீதிமன்ற அமீனா அல்லர் என்பதையும் அறிந்திருங்கள். தனியே செல்ல அஞ்சினால் என்னை அழையுங்கள், உடன் வருவேன்.

கடன் கொடுத்திருக்கும் அன்பானவர்களே, கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நாமும் மன்னிக்கப்பட்ட கடனாளிகளே என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் அருகில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தால், அந்த வீட்டிற்குச் சென்று விசாரியுங்கள்.

ஜெபம்: எங்கள் கடன்களை மன்னித்த பிதாவே, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க நேர்மையையும், கேட்க வேண்டியதைக் கேட்க இரக்கத்தையும், மூடிய கதவுகளைத் தட்ட அன்பையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.