புற்றுநோய் மருத்துவமும் வாய்த் தூய்மையும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், தலைநகரில் என் அடுத்த வீட்டில் வாழ்ந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், தம் மனைவியாருக்கு மருத்துவமனையில் கொடுத்த இந்தித் துண்டறிக்கையை எடுத்து வந்து, தமிழில் சொல்லுமாறு கேட்டார். அம்மையாருக்குப் புற்றுநோய், கீமோதெரபி தொடங்கவிருந்தது. மருந்து, உணவு, காய்ச்சல் பற்றிய குறிப்புகளையெல்லாம் கவனமாகக் கேட்டவர், 'நாள்தோறும் பலமுறை வாயைத் தூய்மை செய்க' என்ற வரி வந்ததும், "இது தெரிந்ததுதானே ஐயா, மேலே படியுங்கள்" என்றார். நானும் மேலே படித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

அவ்வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரே அவர். உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் சத்து தேவை. அதைப் போன்ற உருவங்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தை அவருடைய குழுவினர் ஆக்கினர். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-இல் வெளியிட்டார். சுப்பாராவ் அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே காலமானார்.

ஃபார்பரின் அதே கட்டுரையில், மருந்து பெற்ற குழந்தைகளுக்கு வாய்ப்புண் தோன்றியதும் குறிக்கப்பட்டுள்ளது. இதன் காரணம் எளிது. வாயின் உட்தோல் ஓயாமல் தேய்ந்து, ஓரிரு வாரங்களில் புதிதாக வளர்வது. விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் மருந்துக்கு, பகையணு எது, வாயின் அணு எது என்ற வேறுபாடு தெரியாது. ஆகவே மருந்து கொடுத்த ஒரு வாரத்திற்குள் வாய் எரியத் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் புண் முற்றி, பின்னர் மெல்ல ஆறுகிறது. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைவதும் பெரும்பாலும் அந்நாட்களில்தான். வாயில் எப்போதும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், புண்ணின் வழியே, காவலற்ற குருதிக்குள் புகுந்துவிடக்கூடும். வாய்ப்புண் உயிருக்கே ஊறாவது இவ்வாறுதான்.

தொடக்க காலத்தில் மருத்துவர்கள் வாய்ப்புண்ணை மருந்தின் அளவு எல்லையைத் தொட்டதற்கு அடையாளமாகவே கொண்டனர்; புண் கண்டால் மருந்தை நிறுத்தினர். 1960-களில் பல மருந்துகளை ஒருங்கே மிகுந்த அளவில் கொடுக்கும் முறை வந்தபின், புண்ணுக்கு அஞ்சி மருந்தை நிறுத்தினால் நோய் மீளும் என்ற இக்கட்டு நேர்ந்தது. வாயில் படரும் வெண்பூஞ்சைக்கு மட்டும் ஒரு துணை முன்னரே கிடைத்திருந்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு பெண் அறிஞர்கள், வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த நிஸ்டாட்டின் என்ற மருந்தை 1950-இல் அறிவித்திருந்தனர்.

பல் துலக்குவதில் மருத்துவர்களுக்கே தயக்கம் இருந்தது. ஈறு கசியும், கிருமி புகும் என்று அஞ்சிப் பல இடங்களில் தூரிகையை விலக்கிப் பஞ்சால் துடைத்து வந்தனர். 1994-இல் பிரான்சு நாட்டில் நடந்த ஆய்வு, எலும்பு மச்சை மாற்றுப் பெறும் நோயாளிகளிடம் தீவிர வாய்ப் பராமரிப்பால் புண் ஓரளவு குறைந்தது என்றும், குருதியில் நஞ்சேறுதல் மிகவில்லை என்றும் காட்டியது. அமெரிக்காவில் 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வில், விலையுயர்ந்த வாய்கொப்புளிப்பு மருந்துகள் உப்பும் சோடாவும் கலந்த நீரைவிட மேலானவை அல்ல என்று தெரிந்தது.

ஆகவே இன்றைய முறை எளியதே. கீமோதெரபி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தையைச் சீர்செய்தல் வேண்டும். மிக மென்மையான தூரிகையால் உணவுக்குப் பின்னும் உறங்குமுன்னும் துலக்க வேண்டும். இரத்தம் நிற்காமல் கசிந்தால் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கரித்தூளும் வேப்பங்குச்சியும் அந்நாட்களில் ஆகா. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவும் கரைத்து அடிக்கடி கொப்புளித்துத் துப்ப வேண்டும். சாராயம் கலந்த கொப்புளிப்பு நீர், காரம், புகையிலை ஆகியவற்றை விலக்க வேண்டும். சில மருந்துகளுக்கு மட்டும், ஏற்றும்போது வாயில் பனிக்கட்டி வைத்திருக்கச் சொல்வதுண்டு. மருத்துவர் சொன்னாலன்றி அதைச் செய்யலாகாது.

இவ்வளவு செய்தும் புண் வரலாம்; அது எவர் குற்றமும் அன்று. அடுத்த வீட்டு அம்மையாருக்கும் பத்தாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி, நீரும் இறங்கவில்லை. இந்தி தெரியாமையாலும், "இதைப் பொறுக்க வேண்டியதுதானே" என்ற எண்ணத்தாலும் இரு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட பின்னரே செவிலியர் வாயைத் திறந்து பார்த்தனர். பல நாள் போராடி அவர் மீண்டார்.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம், உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, 'வாய் எரிகிறது, விழுங்க முடியவில்லை' என்னும் இரு தொடர்களையேனும் அவ்வூர் மொழியில் கற்றுக் கொடுப்போமாக. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியசை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே சொல்வோமாக. அன்று நான் கடந்துபோன வரியை, இன்று எவர் கேட்டாலும் இருமுறை படித்துக் காட்டுகிறேன்.