காங்கேசன்துறையின் உலையும் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாகும். வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில் மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு அளிப்பதும் அக்கல்லே. அதனையே மூலப்பொருளாகக் கொண்டு 1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் சுழலுலையிலே ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் இணைந்து கிளிங்கர் எனுங் கட்டிகளாயின. அவை ஜிப்சத்துடன் அரைக்கப்பட்டுச் சீமெந்தாயின. பல குடும்பங்களுக்கு வாழ்வளித்த அவ்வுலை 1990ஆம் ஆண்டிலே போரினால் அவிந்தது.

அவ்வுலையிலே வெப்பம் சுவாலையிலிருந்து பொருளின் புறத்தைப் பற்றி உள்ளே பரவிற்று. இக்கால ஆய்வாளரோ நுண்ணலைகளைச் செலுத்திப் பொருளின் உள்ளேயே வெப்பத்தை எழுப்ப முயல்கின்றனர். எரிபொருட்புகை இதனாற் குறைதல் கூடும். ஆயினும், தூய சுண்ணக்கல் 100 பங்கு நிறையைச் சுட்டால் 44 பங்கு காபனீரொட்சைட்டாக நீங்கும். எவ்வகை வெப்பத்தாற் சுடினும் இவ்விதி மாறாது. அகழ்ந்தெடுத்த கல்லும் மீள்வதில்லை. ஆதலின், இத்தொழிலை மீண்டும் எழுப்ப விழைவோர் உலையின் திறத்தை மாத்திரமன்றி, நம் கிணறுகளைக் காக்கும் கல்லின் அளவையும் முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.