பிலிப் ஹென்ச்

பிலிப் ஹென்ச் (1896–1965) அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிகளைக் கவனித்துவந்த மருத்துவர். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் இந்நோய், அக்காலத்தில் தணிக்க முடியாதது என்றே கருதப்பட்டது.

1929 ஆம் ஆண்டு, அவரிடம் வந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை கண்டபோது மூட்டுவலி வெகுவாகக் குறைந்தது. கருவுற்ற பெண்களுக்கும் இவ்வாறே குறைவதைப் பின்னர் கண்டார். பிறர் தற்செயல் என்று விட்டிருக்கக்கூடிய செய்தி இது. உடலில் சுரக்கும் ஏதோ ஒன்றே வலியைத் தணிக்கிறது என எண்ணிய ஹென்ச், அதற்கு ‘எக்ஸ் பொருள்’ எனப் பெயரிட்டுத் தேடினார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. உடன் பணியாற்றிய வேதியியலாளர் எட்வர்ட் கெண்டால் அட்ரினல் சுரப்பியில் கண்டறிந்த ‘சேர்மம் ஈ’, 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. நடக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். அதுவே கார்ட்டிசோன். 1950 இல் கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் ஹென்ச் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியது. நெடுநாள் கொடுத்தால் முகம் உப்பியது, எலும்பு வலுவிழந்தது. நோயை இது அடக்குமே தவிரக் குணப்படுத்தாது என்பதை ஹென்ச்சும் மறைக்கவில்லை.