பந்தய வீரர் கிமார், மேலாளர் கிமார்

1972 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். மோன் ரெவார் மலை உச்சியில் எடி மெர்க்ஸ் வெற்றி தன்னுடையதே என்று கையை உயர்த்துகிறார். அந்த நொடியில் பக்கத்திலிருந்து முன்சக்கரத்தை நீட்டிக் கோட்டைத் தாண்டிவிடுகிறார் பிரெஞ்சு வீரர் சிரில் கிமார். அந்த ஆண்டு நான்கு கட்டங்களை வென்றவர், முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையையும் சில நாள் அணிந்தவர். ஆனால் முழங்கால் வலி முற்றி, பாரிஸுக்கு இரண்டே நாள் இருக்கையில் விலகினார். புள்ளிகளுக்கான பச்சைச் சட்டை மெர்க்ஸ் கைக்குப் போனது. மெர்க்ஸ் அதைப் பாரிஸில் கிமாரிடமே கொடுத்தார்.

1976இல், இருபத்தொன்பது வயதில், கிமார் ஜித்தான் அணியின் மேலாளரானார். அந்த ஜனவரியில்தான் சைக்ளோ கிராஸில் பிரான்சின் சாம்பியன் ஆகியிருந்தார். கால்களில் பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு டூரில், பிளா தாதே மலைக்குச் செல்லும் கட்டத்தில் அவரது அணி வீரர் லூசியன் வான் இம்ப் தயங்கினார். 'இப்போதே தாக்கு' என்று விடாமல் நெருக்கினார் கிமார். வான் இம்ப் சீறிப் பாய்ந்தார். இறுதியில் டூரை 4 நிமிடம் 14 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

உந்தித் தள்ளுவதைவிட அரியது இழுத்துப் பிடிப்பது. 1977 டோஃபினே பந்தயத்தில், கொல் த போர்த் இறக்கத்தில் கிமார் அணியின் இளம் வீரர் பெர்னார் இனோ பள்ளத்தில் விழுந்தார். ஏறி வந்து, வேறு சைக்கிள் வாங்கி, கிரனோபிளில் அந்தக் கட்டத்தையும், பிறகு பந்தயத்தையும் வென்றார். வயது இருபத்திரண்டு. வேறு எந்த மேலாளரும் அவரை அப்படியே டூருக்கு அனுப்பியிருப்பார். கிமார் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அனுப்பினார். முதல் முயற்சியிலேயே இனோ வென்றார்.

1980 டூரில் இனோவின் முழங்காலும் வலித்தது. மஞ்சள் சட்டை கையிலிருக்க, போ நகரில் இரவோடு இரவாக விலகினார். ஆகஸ்டில் சலான்ஷில் உலக சாம்பியன் ஆனார். முழங்காலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் அருகில் இருந்தது இனோவின் பாக்கியம் என்றே சொல்வேன்.

பிற்பாடு இருவருக்கும் பிணக்கு வந்து இனோ வெளியேறினார். கிமார் தளரவில்லை. அவரது அணியின் லொரான் பினோன் 1983, 1984 இரு ஆண்டும் டூரை வென்றார். 1984இல் இரண்டாவதாக வந்தவர் அதே இனோ, பத்து நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி.

வான் இம்ப்பில் தொடங்கி பினோன் வரை, மூன்று வீரர்களைக் கொண்டு ஏழு டூர் வெற்றிகள். 2017இல், எழுபது வயதில், பிரெஞ்சு தேசிய அணிக்கு வீரர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.