செம்பனைப் பழம் சாப்பிடும் பன்றிக்கும் காட்டின் கார்பனுக்கும் என்ன தொடர்பு?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களா நீங்கள்? அப்படியானால் செம்பனைப் பழம் தின்ன வரும் காட்டுப்பன்றி உங்களுக்குப் புதிதில்லை. வயிறு நிறைந்ததும் அது எங்கே போகுது?

ஜெலுபு மாவட்டத்திலுள்ள பாசோ காட்டுக்கும் போகிறது. அங்கே 50 ஹெக்டேரில், விரல் கனமுள்ள கன்று முதல் எல்லா மரங்களையும் மலேசிய வன ஆய்வுக் கழகம் 1980களிலிருந்து திரும்பத் திரும்ப எண்ணி வருகிறது. பொறுமை வேண்டிய வேலைதான்.

குட்டி போடும் நேரத்தில் தாய்ப்பன்றி நூற்றுக்கணக்கான கன்றுகளை ஒடித்துக் குவித்துக் கூடு கட்டும். தோட்டத்தில் தீனி தாராளம், பன்றியும் பெருகியது. 24 ஆண்டுகளில் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்ததாக 2017-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இத்தனைக்கும் தோட்டம் 1.3 கிலோமீட்டருக்கு அப்பால்!

மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். கன்றில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் கார்பனை அதிகம் சேர்த்து வைத்திருக்கும் பெரிய மரம் ஒருநாள் விழும். அந்த இடத்துக்கு வளர்ந்து வர கன்று வேணுமே? செயற்கைக்கோள் படத்தில் காடு பச்சையாகவே தெரியும். இந்தக் குறை தரையில் குனிந்து எண்ணினால்தான் புரியும்.

1990களில் பாசோவில் வேலி போட்டுப் பன்றியைத் தடுத்த சிறு பகுதிகளில், இரண்டே ஆண்டில் கன்றுகள் வெளியில் இருந்ததைவிட அதிகமாயின.