கியர் ஆயில் பால் நிறத்துக்கு மாறுதா? பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு சீல் மாற்றுவது எப்படி?

கன்னியாகுமரி, தூத்துக்குடி கடற்கரைகளில் ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரில், மேலே இருக்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் கவனிப்பு கீழே இருக்கும் கியர் பெட்டிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நடுக்கடலில் கியர் பல் உடைந்தால் எஞ்சின் எவ்வளவு அலறினாலும் படகு நகராது. இதற்குப் பல நேரங்களில் காரணம், உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சீல் ஒன்றுதான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகுது?

கியர் பெட்டி எப்போதும் கடலுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமலும், உப்புத் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுப்பது சீல்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட், மேலிருந்து இறங்கும் டிரைவ் ஷாஃப்ட், கியர் மாற்றும் கம்பி என மூன்று இடங்களில் அவை இருக்கும். ஆயில் ஊற்றும் துளைகளின் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் சின்ன வாஷரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஓடும்போது பெட்டி சூடாகும். மோட்டாரை நிறுத்தியதும் கடல் நீர் அதைக் குளிரவைக்கும், உள்ளே அழுத்தம் குறையும். சீல் தளர்ந்திருந்தால் பெட்டியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு எதிரி தங்கூஸ் நூல். அறுந்த வலைத் துண்டு புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, சீலின் உதட்டை கத்தி மாதிரி அறுத்துவிடும்.

அறிகுறி என்ன?

ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டாலும் ஒரு எளிய சோதனை இருக்கு. மோட்டாரை இரவு முழுக்க நேராக நிறுத்திவைத்து, காலையில் கீழ் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்திப் பாருங்க. தண்ணீர் ஆயிலைவிட கனமானது, அதனால் அதுதான் முதலில் சொட்டும். ஸ்க்ரூ நுனியில் மாவு போன்ற இரும்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம். சில்லு சில்லாக வந்தால் பிரச்னை சீலைத் தாண்டி கியருக்கே போய்விட்டது.

பிரிக்கும் முன் காற்று சோதனை

பலர் தவறவிடும் படி இதுதான். எந்த சீல் ஒழுகுகிறது என்று தெரியாமல் பிரித்தால், மூன்று சீலில் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆயிலை வடித்து, கீழ் ஸ்க்ரூவை மூடி, மேல் துளை வழியாக அளவுமானி உள்ள கைப்பம்பால் காற்றை ஏற்ற வேண்டும். பொதுவாக 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும்; சரியான அளவு மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பஞ்சர் கடை கம்பிரஸரை நேரடியாகப் பிடித்தால் நல்ல சீலும் பிதுங்கிடும். பெட்டியை தண்ணீர் டிரம்மில் முக்கி, ஷாஃப்ட்டைச் சுற்றி, கியரையும் மாற்றிப் பார்த்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

சீல் மாற்றும்போது...

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். புரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. பின்பக்க மூடி, சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் நிற்கும். பழைய மோட்டாரில் அது உப்பு பூத்து இறுகியிருக்கும். சுத்தியலால் அடிப்பதைவிட, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மிதமான சூடு காட்டி, பொறுமையாக அசைப்பதே நல்லது. அலுமினியம் விரிசல் விட்டால் மொத்த செலவும் மாறிப்போகும்.

பழைய சீலை எடுக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. சில மாடல்களில் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும், சிலவற்றில் இரண்டும் வெளியே பார்த்திருக்கும்.

அடுத்து ஷாஃப்ட். சீல் உரசிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டும்போது பள்ளத்தில் மாட்டினால், புது சீல் போட்டும் பயனில்லை. ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும், அல்லது அந்த இடத்தில் மெல்லிய ஸ்டீல் உறை ஏற்ற வேண்டும். "சீல் மாத்தியும் தண்ணி வருது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பள்ளம்தான்.

புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, அதே அகலமுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கணும். ஓ-ரிங், வாஷர் எல்லாமே புதுசு போடுங்க. பிரித்த கையோடு வாட்டர் பம்ப் இம்பெல்லரையும் மாற்றிவிடலாம். கியருக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே, இருந்த எண்ணிக்கையில் திரும்பப் போக வேண்டும்.

ஆயில் ஊற்றுவது கீழிருந்து!

பூட்டியதும் மீண்டும் காற்று சோதனை. அதன்பின் கியர் ஆயிலை கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு கீழ் ஸ்க்ரூ என்ற வரிசையில் மூட வேண்டும்.

முதல் முறை கடலுக்குப் போய் வந்ததும் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு சொட்டு பார்த்துவிடுங்க. கியர் ஆயில் மாற்ற பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 100 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. தினமும் 6 மணி நேரம் ஓடும் மீன்பிடி மோட்டாருக்கு அந்த 100 மணி நேரம் 17 நாளிலேயே முடிந்துவிடும்.