ஐமேக்கும் கிடங்குக் கணக்கும்: ஆப்பிள் முதலீட்டாளர் விவாதம், 1997–2001

1998 மே 6 அன்று கலிஃபோர்னியாவின் கூபர்டினோ நகரில் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் மேசைக்கணினியை அறிமுகப்படுத்தியபோது, அதன் பங்குகளை வைத்திருந்தோர் மனத்தில் இருந்த ஐயம் ஒன்றுதான்: நிறுவனம் பிழைக்குமா? 1996, 1997 நிதியாண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 186 கோடி டாலர் நட்டம். 1997 அக்டோபரில், டெல் கணினி நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் டெல், தாமாக இருந்தால் நிறுவனத்தை மூடிவிட்டுப் பணத்தைப் பங்குதாரர்களுக்கே திருப்பித் தந்துவிடுவதாகக் கூறினார். போட்டியாளரின் பேச்சு என்று அதை ஒதுக்கிவிட முடியவில்லை. அன்றைய கணக்கு அப்படி இருந்தது.

புதிய கணினியின் விலை 1,299 டாலர். ஆயிரம் டாலருக்கும் குறைவான விண்டோஸ் கணினிகள் கடைகளுக்கு வந்துவிட்ட காலம் அது. ஃப்ளாப்பி இயக்கி இல்லை. பழைய இணைப்புத் துளைகளை நீக்கிவிட்டு, அப்போது அரிதாக இருந்த யுஎஸ்பியை வைத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் அச்சுப்பொறியை என்ன செய்வது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. கணினியே வாங்கியிராதவருக்கு இழக்க ஃப்ளாப்பியும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை என்பது அதற்கான மறுமொழி. இதில் மறுமொழிதான் வென்றது. ஆகஸ்ட் 15-இல் விற்பனை தொடங்கி முதல் ஆறு வாரங்களில் 2,78,000 ஐமேக்குகள் விற்றன. வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கணினிக்கே புதியவர் என நிறுவனம் அறிவித்தது.

ஆனால் ஆப்பிளைக் காப்பாற்றியது ஐமேக் என்ற வழக்கமான கூற்றை ஆண்டுக் கணக்கு ஏற்கவில்லை. 1998 நிதியாண்டின் லாபம் 30.9 கோடி டாலர். அதில் 20.3 கோடி, ஐமேக் கடைக்கு வருவதற்கு முந்தைய மூன்று காலாண்டுகளிலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டில் மொத்த விற்பனையோ 708 கோடியிலிருந்து 594 கோடி டாலராகச் சரிந்தது. விற்பனை குறைந்தும் லாபம் வந்த விந்தைக்கு விடை கிடங்கில் இருக்கிறது. ஓராண்டில் சரக்கிருப்பு 43.7 கோடி டாலரிலிருந்து 7.8 கோடியாகச் சுருங்கியது. மொத்த லாப விகிதம் 19 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்ந்தது. சிப்பும் வட்டும் மாதத்துக்கு மாதம் விலை இறங்கும் தொழிலில், விற்காத கணினி மாலை நேரத்து மீன் போன்றது. அப்போது ஆப்பிளை நடத்திவந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கணினி வகைகளை வெட்டிக் குறைத்தார். காம்பேக் கணினி நிறுவனத்திலிருந்து 1998 மார்ச்சில் வந்த டிம் குக், இருப்பைக் குறைக்கும் வேலையை முன்னெடுத்தார்.

இதனால் ஐமேக்கின் பங்கு சிறிதாகிவிடவில்லை. ஒரே வடிவம், ஒரே நிறம். எத்தனை செய்வது என்று மட்டும் கணித்தால் போதும். இந்த ஒழுங்கு குலையத் தொடங்கியது 1999 ஜனவரியில் ஐந்து நிறங்கள் வந்தபோது என்பது என் கருத்து. ஐந்தையும் இருப்பு வைக்க இணங்காத பெஸ்ட் பை கடைகள் அவ்வாண்டு ஐமேக் விற்பதையே நிறுத்தின. ஆயினும் விற்பனை ஏறுமுகமாக இருந்ததால், வாங்குவோர் விருப்பத்தைப் பற்றிய பேச்சில் கடைக்காரரின் தயக்கம் அமுங்கிப்போனது.

2000 ஜூலையில் ஆப்பிளின் கியூப் மேசைக்கணினி வந்தது. அழகான இயந்திரம், திரை இல்லாமலே 1,799 டாலர். எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கல்வி நிறுவனங்களின் கொள்முதலும் தளர்ந்தது. செப்டம்பர் 28-இல் ஆப்பிள் லாபம் குறையும் என எச்சரித்தது. மறுநாளே பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. டிசம்பரில் முடிந்த காலாண்டில் 19.5 கோடி டாலர் நட்டம்.

இங்கேதான் முதலீட்டாளர்கள் கவனிக்கத் தவறிய இடம் தெரிகிறது. 2000 செப்டம்பர் இறுதியில் ஆப்பிளின் சொந்தச் சரக்கிருப்பு வெறும் 3.3 கோடி டாலர். 1998-இல் மீட்சியைக் காட்டிய அதே எண், இப்போது நோயை மறைத்தது. கணினிகள் தேங்கியது விற்பனையாளர்களின் கிடங்குகளில். அவர்களுக்கு அனுப்பிய சரக்கு ஏற்கெனவே விற்பனையாகக் கணக்கில் ஏறிவிட்டிருந்தது. அந்தத் தேக்கத்தைக் கரைக்க விலையைக் குறைத்தார்கள், தள்ளுபடி தந்தார்கள், புதிதாக அனுப்புவதைச் சுருக்கினார்கள். முந்தைய ஆண்டு 234 கோடி டாலராக இருந்த டிசம்பர் காலாண்டு விற்பனை 101 கோடிக்கு இறங்கியதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

2001 ஜூலையில் கியூப் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் காலாண்டு முடிவுகளை விளக்கும்போது, விற்பனையாளர்களிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்பதையும் ஆப்பிள் அதிகாரிகள் முதலீட்டாளர்களிடம் சொல்லிவந்தார்கள்.